என்ன வரையறதுன்னே தெரியலையா? யானைமலைய 140 தடவ வரைஞ்ச அனுபவத்துல சொல்றேன்

எங்க வீட்டு மொட்டமாடில ஏறி நின்னா நேரா யானைமலை. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் பஸ்ல போனவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, யானை ஒண்ணு தும்பிக்கைய முன்னால நீட்டிப் படுத்துக் கெடக்கற மாதிரியே இருக்கும். பொறந்ததுல இருந்து தெனம் கண்ணுல படற மலை, ஆனா நின்னு ஒரு நாள் கூட பாத்ததில்ல. 31 வயசுல தான் வரைய ஆரம்பிச்சேன், ஜெராக்ஸ் கடைல வேலை, ஸ்கூல் போற பையன் ஒருத்தன், காலைல எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம், ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதுக்கப்புறம் ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான் என் கையில இருந்த நேரம். மூணு வருஷம் ஆச்சு. இந்த ஒரு மலைய மட்டும் 140 தடவ வரைஞ்சிருக்கேன்.

கடைக்கு வர்ற காலேஜ் பிள்ளைங்க என் நோட்ட பாத்துட்டு கேக்கறது ரெண்டே கேள்விதான். "அக்கா எனக்கும் ஆச இருக்கு, ஆனா என்ன வரையறதுன்னு தோணவே மாட்டேங்குது." இன்னொண்ணு, "வரைஞ்சத யார்கிட்டயும் காட்ட பயமா இருக்குக்கா." கவுன்டர்ல நின்னுட்டே அஞ்சு நிமிஷத்துல இதுக்குப் பதில் சொல்ல முடியல, அதனால நான் செஞ்சு பாத்து பலன் கிடைச்சத மட்டும் இங்க வரிசையா எழுதறேன். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்காக எழுதறது, ஏற்கெனவே நல்லா வரையறவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்சதாவே இருக்கும்.

முதல்ல பேப்பர், அதுவும் மட்டமான பேப்பர்

ஆசைல முதல் நாளே கெட்டி அட்டை போட்ட ஸ்கெட்ச் புக்கும் 48 கலர் டப்பாவும் வாங்கிடாதீங்க. நான் வாங்கினேன். 400 ரூபா நோட்டு, முதல் பக்கத்துல கோடு போடவே கை வரல, அந்த வெள்ளப் பக்கத்த கெடுத்துடுவோமோன்னு நாலு மாசம் அலமாரிலயே இருந்துச்சு. அப்புறம் எங்க கடைல ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் ஆகி வீணாப் போன ஏ4 தாள் கட்டுக் கட்டா கெடக்கும்ல, அதுல 50 தாள எடுத்து கிளிப் போட்டு பின்பக்கத்துல வரைய ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் கை ஓடுச்சு. எப்படியும் பழைய பேப்பர் கடைக்குப் போகப் போற தாள், அதுல என்ன கெட்டுப் போயிடப் போகுது. எந்த ஜெராக்ஸ் கடைல கேட்டாலும் தருவாங்க, ஆனா முன்பக்கத்துல யாரோட ஆதார் நம்பரோ பத்திரமோ இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு வாங்குங்க, அப்படி இருந்தா அந்தத் தாள் வேணாம்.

பென்சில் 2பி ஒண்ணு, அத விட மெதுவா கறுப்பா எழுதற 6பி ஒண்ணு. கூட ஒரு சாதா பால்பாயின்ட் பேனா. ரப்பர் முதல் மாசம் வேண்டாம், இத நான் ரொம்ப அழுத்தி சொல்வேன். ரப்பர் கையில இருந்தா ஒரு கோடு போடறோம், அழிக்கறோம், திரும்பப் போடறோம், கடைசில அரை மணி நேரம் அழிச்சதுதான் மிச்சம். பேனாவுல போட்டா தப்புக் கோடு பக்கத்துலயே சரியான கோட்ட போட்டுட்டு மேல போயிடுவோம், எங்க தப்பு பண்ணோம்ங்கறதும் அந்தத் தாள்லயே இருக்கும்.

அடுத்து, ஒரே ஒரு பொருள புடிங்க

என்ன வரையறதுன்னு தோணலைன்னு சொல்றவங்க கிட்ட உண்மையில தோணறது நெறைய இருக்கும், மயிலு, கிருஷ்ணர், நடிகர் முகம், மழைல நனையற பொண்ணு, எல்லாமே போன்ல பாத்தது. அதுல எத எடுக்கறதுங்கற கொழப்பத்துலயே நாள் போயிடும். அதனால நான் சொல்றது ஒண்ணுதான், உங்க வீட்டுல இருக்கற ஒரு பொருள எடுங்க, அத 20 தடவ வரைங்க. நான் எடுத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர்.

முதல் மூணு டம்ளர் எல்லாரும் போடற மாதிரியே வரும். வாய் வட்டமா ஒரு முட்டை வடிவம், ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு, அடில நேரா ஒரு கோடு. பாக்க ஏதோ தப்பா இருக்கும், என்னன்னு தெரியாது. எனக்கு நாலாவது தடவ வரையறப்பதான் கண்ணுல பட்டுச்சு, அடிப்பாகம் நேர்கோடே கெடையாது. டம்ளர தரையில வெச்சுட்டு மேல இருந்து பாருங்க, வாய்ப் பக்கத்து வட்டத்த விட அடி வட்டம் இன்னும் நல்லா விரிஞ்சு வளைஞ்சிருக்கும். அதே டம்ளர கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிங்க, வாய் வட்டமே காணாம ஒரு கோடா ஆயிடும். நம்ம கண் மட்டத்துல இருந்து எவ்வளவு கீழ எறங்குதோ அவ்வளவுக்கு வட்டம் விரியும். இந்த ஒரு விஷயம் புரிஞ்ச அப்புறம் குடம், உரல், வண்டிச் சக்கரம், கெணத்து வாய், கோயில் தூணோட அடிப்பீடம் எல்லாமே எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா வசப்பட்டுச்சு.

பத்தாவது டம்ளர் வரையறப்ப சலிப்பு வரும், கண்டிப்பா வரும். அங்கதான் விட்டுடக் கூடாது. எனக்குப் பன்னெண்டாவதுல என்ன ஆச்சுன்னா, டம்ளர் பளபளப்புக்குள்ள எங்க ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுதுன்னு அப்பதான் பாத்தேன், அதுக்குள்ள என் சேலைக் கலரும் ஒரு பட்டையா ஓடுது. அதுக்கு முந்தின பதினொரு தடவையும் அந்த ஜன்னல் அங்கதான் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, இன்னும் என்னென்ன இப்படிக் கண்ணு முன்னாடியே இருந்துக்கிட்டு இருக்கோன்னு. தூண்டுதல் தூண்டுதல்னு எல்லாரும் சொல்றாங்களே, எனக்கு அது வந்தது அந்த டம்ளர்ல இருந்துதான், அதுவும் பன்னெண்டாவது தடவ. முதல் தடவ வரைஞ்சுட்டு மூடி வெச்சிருந்தா அது வந்தே இருக்காது.

கண்ணுக்கு மூணு பயிற்சி

ஒண்ணு, தாளப் பாக்காம வரையறது. உங்க இடது கைய மேசை மேல வெச்சு, அதோட ஓரத்த மட்டும் கண்ணால மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி பின்தொடர்ந்துக்கிட்டே பேனாவ நகத்தணும், தாள எட்டிப் பாக்கவே கூடாது. வர்ற படம் கோணல்மாணலா இருக்கும், அது பரவால்ல, அந்தப் படம் நமக்குத் தேவையே இல்ல. நகத்துக்கும் சதைக்கும் நடுவுல எத்தன சின்ன வளைவு இருக்குன்னு கண்ணு கத்துக்கும் பாருங்க, அதுக்குத்தான் இது. தெனம் அஞ்சு நிமிஷம் போதும்.

ரெண்டாவது, நடுவுல இருக்கற வெத்து இடத்த வரையறது. பிளாஸ்டிக் சேர வரையணும்னா காலையும் கைப்பிடியயும் வரையாதீங்க, காலுக்கும் காலுக்கும் நடுவுல தெரியற சுவரோட வடிவத்த வரைங்க. சேரு எப்படி இருக்கும்னு நம்ம மூளைக்கு ஏற்கெனவே ஒரு நெனப்பு இருக்கு, அது குறுக்க வந்து கைய இழுக்கும், ஆனா அந்தச் சந்து என்ன வடிவம்னு அதுக்கு ஒரு நெனப்பும் கெடையாது, அதனால கண்ணு சொல்றத கேக்கும்.

மூணாவது கண்ணச் சுருக்கிப் பாக்கறது. பாதி மூடின கண்ணோட பாத்தா சின்னச் சின்ன விவரம் எல்லாம் மறைஞ்சு எது வெளிச்சம் எது இருட்டுன்னு மட்டும் நிக்கும். மரத்த வரையறப்ப இலை இலையா போட்டு அலுத்துப் போறவங்க இத ஒரு தடவ செஞ்சு பாருங்க, மரம் வெளிச்சம், இருட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுன்னு மூணே துண்டா தெரியும்.

உங்க கைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணு

"எனக்குக் கை வராதுக்கா"ன்னு சொல்ற பொண்ணுங்க கிட்ட நான் கேக்கறது, கோலம் போடுவியான்னு. முக்கால்வாசிப் பேர் போடுவாங்க. 15 புள்ளி, 8 முடிய, ஊடுபுள்ளி வெச்சு ஒரு கோலம் போடறதுன்னா என்ன அர்த்தம், மனசுலயே ஒரு கட்டம் போட்டு, எடைவெளி பிசகாம புள்ளி வெச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இழுக்கணும். ஓவியம் கத்துக்கறவங்க அளவு, சமன்னு மாசக்கணக்கா பழகறது இதத்தான். சிக்குக் கோலத்துல ஒரே இழைய கை எடுக்காம சுத்திக் கொண்டு வந்து முடிக்கறோமே, அதுல கோடு நடுங்கறதே இல்ல, ஏன்னா மாவு விழறப்ப நடுவுல யோசிச்சு நிறுத்த முடியாது.

இன்னொண்ணு கவனிச்சுப் பாருங்க, கோலம் போடறப்ப மணிக்கட்டு மட்டும் ஆடாது, குனிஞ்சு தோள்ல இருந்து மொத்தக் கையும் நகரும். அதே ஆளு தாள்ல வரைய உக்காந்தா விரல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எழுத்து எழுதற மாதிரி வரைவாங்க, அதான் கோடு துண்டு துண்டா முடி முடியா வருது. பெரிய சார்ட் பேப்பர சுவத்துல ஒட்டி, பென்சில மேல தள்ளிப் பிடிச்சு, தோள்ல இருந்து வட்டமும் நீளக் கோடும் போட்டுப் பழகுங்க. எங்க அம்மா ஒரு நாள் பென்சிலே பிடிக்காத கையால அந்தச் சார்ட்ல ஒரே இழுப்புல போட்ட வட்டத்த நான் இன்னும் சுவத்துல இருந்து எடுக்கல.

பெரியவங்க வரைஞ்சத பாத்து வரையறது தப்பில்ல

இதுல நெறைய பேருக்குக் குற்ற உணர்ச்சி இருக்கு, காப்பி அடிக்கறோமோன்னு. கத்துக்கறதுக்காகப் பாத்து வரையறது வேற, அத நான் வரைஞ்சதுன்னு போடறது வேற. பாத்து வரைஞ்ச படத்துக்குக் கீழ யாரோட படத்தப் பாத்து வரைஞ்சேன்னு எழுதிடுங்க, முடிஞ்சுது.

நம்ம பக்கத்துல பாக்கறதுக்கு எவ்வளவோ இருக்கு. சில்பி ஆனந்த விகடன்ல வருஷக்கணக்கா தென்னாட்டுச் செல்வங்கள் தொடருக்காக ஒவ்வொரு கோயிலா போய் உக்காந்து சிலைங்கள வரைஞ்சவர், அந்தக் கோட்டுல கல்லோட கனமும் தெரியும், நகையோட நுணுக்கமும் தெரியும். கோபுலு கும்பகோணத்துல ஓவியம் படிச்சவர், தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் போட்ட படங்கள்ல ஒவ்வொருத்தரும் நிக்கற விதத்துலயே ஆளு யாருன்னு புரிஞ்சுடும், முகத்த கையால மறைச்சுட்டுப் பாருங்க, அப்பவும் புரியும். பொன்னியின் செல்வன் கல்கில முதல் தடவ வந்தப்ப அதுக்குப் படம் வரைஞ்ச மணியம் இருக்கார். ஆதிமூலம் 1969-ல காந்தி நூற்றாண்டு சமயத்துல காந்திய மட்டும் நூறு கோட்டோவியம் கிட்ட வரைஞ்சார். ஒரே மனுசன், கறுப்பு மை, நூறு படம். யானைமலைய நான் எண்ணி எண்ணி வரைய ஆரம்பிச்சதுக்கு அவர்தான் காரணம், ஒரே ஆள நூறு தடவ வரையலாம்னா ஒரே மலைய ஏன் வரையக்கூடாது.

அப்புறம் இளையராஜா, ஓவியர் இளையராஜா. 2021-ல கொரோனாவுல போயிட்டார், நெனைச்சா இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கும். கும்பகோணம் பக்கத்து கிராமத்துல பொறந்தவர், கிராமத்து வீட்டுக்குள்ள இருக்கற பொண்ணுங்களயும் அவங்க மேல விழற வெளிச்சத்தயும்தான் திரும்பத் திரும்ப வரைஞ்சார். அவர் படங்களப் பாத்துட்டு எங்க வீட்டு அடுப்படிய பாத்தேன், மத்தியானம் 3 மணிக்கு ஜன்னல் வழியா வெயில் அரிசி டிரம் மேல விழுது, அது அத்தன வருஷமா விழுந்துக்கிட்டுதான் இருந்திருக்கு.

பாத்து வரையறதுக்கு ஒரு முறை இருக்கு. படத்த முன்னாடி வெச்சு அரை மணி நேரம் வரைங்க, வரையறப்பவே கேளுங்க, இந்த எடத்துல ஏன் கோடு தடிச்சிருக்கு, இந்த எடத்துல ஏன் கோடே போடாம விட்டுட்டார். அப்புறம் படத்த மூடி வெச்சுட்டு, அதே மாதிரி கோட்டுல உங்க வீட்டு ஆள் ஒருத்தர வரைங்க. இந்த ரெண்டாவது பாதிய விட்டுட்டா மொத்தமும் வீண், வருஷம் முழுக்க காப்பி எடுத்துட்டே இருப்பீங்க, சொந்தமா ஒரு டம்ளர் வரையத் தெரியாது.

வெளிய போய் வரையறது

இதுதான் எல்லாருக்கும் பெரிய பயம், எனக்கும் இருந்துச்சு, அதுவும் ஒரு பொம்பள தனியா ரோட்டோரம் நின்னு வரைஞ்சா நாலு பேர் நின்னு பாக்கத்தான் செய்வாங்க. நான் செஞ்சது இது. முதல் சில தடவ மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்து, கை அகல நோட்டுல வரைஞ்சேன், அங்க எல்லாரும் கையில போனோ பையோ வெச்சிருப்பாங்க, ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. அடுத்து முதுகுக்குப் பின்னாடி சுவரோ தூணோ இருக்கற மாதிரி எடம் பாத்து உக்காந்தேன், பின்னாடி யாரும் வந்து எட்டிப் பாக்க முடியாதுன்னாலே பாதி பயம் போயிடும். திருமலை நாயக்கர் மஹால் இதுக்கு ரொம்ப நல்ல எடம், டிக்கெட் எடுத்து உள்ள போயிட்டா அந்தப் பெரிய தூணுங்க நிழல்ல நிம்மதியா உக்காரலாம், தூணும் வளைவும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சின்னதாகிக்கிட்டே போறத வரைய அத விட நல்ல பாடம் வேற இல்ல. முடிஞ்சா கூட ஒரு தோழிய கூட்டிட்டுப் போங்க, அவங்க வரையணும்னு அவசியமில்ல.

நேரம் வெச்சுக்கோங்க, 20 நிமிஷம். முடிஞ்சாலும் முடியாட்டாலும் எந்திரிச்சுடணும். ஆளுங்க அசைஞ்சுக்கிட்டே இருப்பாங்கன்னு பயந்து பின்முதுக மட்டும் வரையாதீங்க, 30 செகண்டுல ஒரு ஆளுன்னு வெச்சுக்கிட்டு முதல்ல ரெண்டு தோளும் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு ஒரு கோடு, இடுப்பு எந்தப் பக்கம்னு ஒரு கோடு, எந்தக் காலுல எடை நிக்குதுன்னு ஒரு கோடு, அவ்வளவுதான், முகம் எல்லாம் அப்புறம். பூக்கூடைய இடுப்புல வெச்சு நிக்கற அம்மாவ அந்த மூணு கோட்டுலயே அடையாளம் தெரியும்.

ஒரு தடவ தெப்பக்குளத்துப் படிக்கட்டுல உக்காந்து மைய மண்டபத்த வரைஞ்சுட்டு இருந்தேன், சுண்டல் விக்கற பெரியவர் ஒருத்தர் வந்து நின்னார். "என்னம்மா, கவருமென்ட்டுல இருந்து அளக்க வந்திருக்கீகளா"ன்னு கேட்டார். இல்லீங்கய்யா, சும்மா கத்துக்கறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அந்த மண்டபத்துக்கு மேல கோபுரம் இன்னும் ஒசரம்மா, நீ குட்டையா போட்டுட்ட"ன்னார். பென்சில நீட்டிப் பிடிச்சு அளந்து பாத்தேன், அவர் சொன்னதுதான் சரி. நாப்பது வருஷமா அங்கயே சுண்டல் விக்கறவராம். வேடிக்கை பாக்கறவங்கள எதிரியா நெனைக்க வேணாம்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள 2018-ல இருந்து செல்போன் கொண்டு போகக் கூடாது. அது எனக்கு ஒரு பயிற்சியாவே ஆயிடுச்சு. கம்பத்தடி மண்டபத்துல திருக்கல்யாணச் சிற்பம் இருக்குல்ல, நடுவுல மீனாட்சி, ரெண்டு பக்கமும் சொக்கரும் பெருமாளும், அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அசையாம நின்னு, யார் தலை யார் தோளுக்கு நேரா வருது, கை எந்த ஒசரத்துல சேருதுன்னு மட்டும் மனசுல வாங்கிட்டு, வெளிய வந்து டீக்கடைல உக்காந்து நெனப்புல இருந்து வரைவேன். முதல் தடவ கைய எங்க வெச்சாங்கன்னே மறந்து போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை போனப்ப அத மட்டும் பாத்துட்டு வந்தேன். இப்படி ஆறேழு வாரம். போன்ல போட்டோ எடுத்திருந்தா ஒரு நாளும் இப்படிப் பாத்திருக்க மாட்டேன்.

கலருக்கு வர்றப்போ

ஒரு மூணு மாசம் கறுப்பு வெள்ளைல ஓடுனதுக்கப்புறம் வாட்டர்கலர் எடுங்க. இங்க மட்டும் பேப்பர்ல சிக்கனம் பாக்காதீங்க, சாதாத் தாள் தண்ணி பட்டதும் ஊறி அலை அலையா எழும்பிடும், பள்ளத்துல கலர் தேங்கி நிக்கும், நம்ம மேல தப்புன்னு நெனச்சுட்டு பிரஷ்ஷயே தூக்கிப் போட்டுடுவோம். 300 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தச் சொல்ற அளவு) வாட்டர்கலர் பேப்பர் ஏ4 ஒண்ண நாலா வெட்டிக்கோங்க, நாலு ஓரமும் மாஸ்கிங் டேப்பால அட்டைல ஒட்டிக்கோங்க. கலர் மூணே மூணு ட்யூப் போதும், அல்ட்ராமரீன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்). ஸ்டூடன்ட் தரமே போதும். 10-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒண்ணு.

ஏன் இந்த மூணுன்னா, அல்ட்ராமரீனயும் பர்ன்ட் சியன்னாவயும் கலந்தா சாம்பல் வரும், நீலம் கூடினா குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினா வெதுவெதுப்பான சாம்பல். நம்ம ஊர்ப் பாறை மொத்தமும் இந்த ரெண்டுக்கு நடுவுல இருக்கு. யானைமலைக்கு நான் கறுப்பு ட்யூபே தொட்டதில்ல. சித்திரை வெயில்ல தூசி எழும்பி நிக்கறப்ப மலை வெளிறி வானத்தோட கரைஞ்சு போயிடும், நெறைய தண்ணி விட்டு நீலம் தூக்கலா ஒரு மெல்லிசான பூச்சு, அவ்வளவுதான். அதே மலை ஐப்பசில ஒரு நல்ல மழை பெஞ்சு விட்ட காலைல பாருங்க, யாரோ ராத்திரியோட ராத்திரியா பக்கத்துல தள்ளி வெச்ச மாதிரி நிக்கும், மழைத்தண்ணி ஓடின கறுப்புத் தடம் ஒவ்வொண்ணும் தனித்தனியா எண்ணலாம். தூரத்துல இருக்கறது வெளிறி நீலமா தெரியறது நடுவுல இருக்கற காத்தாலயும் தூசியாலயும்தான், மழை அந்தத் தூசிய கழுவி விட்டுடுது. இத எனக்கு யாரும் சொல்லித் தரல, அறுபதாவது எழுபதாவது படத்துக்கிட்ட வர்றப்ப தேதிய வெச்சு அடுக்கிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

ஒண்ணு மறந்துட்டேன், வாட்டர்கலர் காஞ்சா வெளிறும். ஈரத்துல பாக்கறப்ப கொஞ்சம் அடர்த்தியா போயிடுச்சோன்னு தோணற அளவுக்குப் போட்டாதான் காஞ்சப்புறம் சரியா நிக்கும்.

பயம் எப்படிப் போகும்

ஆரம்பிச்ச ஆறாவது மாசம் ஒரு ஓவிய வகுப்புல சேந்தேன். ரெண்டாவது வாரமே சொல்லித் தர்றவர் எல்லார் முன்னாடியும் என் படத்தத் தூக்கிக் காட்டி, இந்த வயசுக்கு மேல கை வளையாதுன்னு சொல்லிட்டார். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் பென்சில தொடல. அதுக்கப்புறம் ஒரு நாள் பழைய தாள் கட்ட தூக்கிப் போடலாம்னு எடுத்தேன், எல்லாத் தாள்லயும் மூலைல தேதி போட்டிருந்தேன், அது ஜெராக்ஸ் கடைப் பழக்கம். முதல் டம்ளரயும் ஆறாவது மாசத்து டம்ளரயும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். கை வளைஞ்சிருந்துச்சு. அவர் சொன்னது தப்புன்னு வாதாட எனக்கு வேற ஒண்ணும் தேவைப்படல.

அதனால தேதி போடுங்க, ஒவ்வொரு தாள்லயும், அசிங்கமா வந்த தாள்லயும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ எல்லாத்தயும் தரையில பரப்பி வெச்சுப் பாருங்க. இன்ஸ்டாகிராம்ல பத்து வருஷமா வரையறவங்க படத்தோட உங்க படத்த வெச்சுப் பாத்தா மனசு உடையத்தான் செய்யும், உங்க போன வருஷத்துப் படத்தோட வெச்சுப் பாருங்க.

நடுவுல ஒரு கெட்ட காலம் வரும், நல்லா வந்துட்டு இருந்தது திடீர்னு எல்லாமே கேவலமா தெரியும். எனக்குத் தெரிஞ்சு வரையற எல்லாருக்கும் இது வந்திருக்கு. கை கெட்டுப் போகல அங்க, கண்ணு கைய விட முன்னால ஓடிடுச்சு, நேத்து வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத தப்பு இன்னிக்குத் தெரியுது. அந்த நேரத்துல புதுசா பெருசா எதயும் தொடாதீங்க, அளவக் கொறச்சுக்கோங்க, தீப்பெட்டி அளவுல நாலு கட்டம் போட்டு அதுக்குள்ள வரைங்க, இல்லாட்டி மூணு கலரயும் எந்தெந்த அளவுல கலந்தா என்ன வருதுன்னு கட்டம் கட்டமா ஒரு அட்டை போட்டு வெச்சுக்கோங்க, அது பின்னாடி உதவும். கை விடாம இருக்கணும், அது போதும்.

அடுத்தவங்ககிட்ட காட்டறப்ப "எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க. அதுக்கு "சூப்பரா இருக்கு" இல்லாட்டி "பரவால்ல", இந்த ரெண்டத் தவிர பதில் வராது, ரெண்டுலயும் உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. "இந்தக் கை உடம்போட ஒட்டல, எங்க தப்பு?"ன்னு கேளுங்க. ஓவியமே தெரியாதவங்க கூட "கை நீளமா இருக்கு"ன்னு சரியா சொல்லிடுவாங்க. என் பையன் எட்டு வயசு, அவன விட நேர்மையா எனக்கு யாரும் சொன்னதில்ல. போன்ல போடறதா இருந்தா வரைஞ்ச அன்னிக்கே போடாதீங்க, ஒரு ராத்திரி போகட்டும், காலைல நீங்களே பாத்து எது புடிச்சிருக்கு எது புடிக்கலைன்னு பின்பக்கம் எழுதிட்டு அப்புறம் போடுங்க. அப்ப லைக் எத்தன வந்தாலும் உங்க கருத்து ஏற்கெனவே அங்க எழுதி இருக்கும்.

வேலைக்குப் போயிக்கிட்டே வரையறோமே, நம்மள ஓவியர்னு சொல்லிக்கலாமான்னு ஒரு கூச்சம் இருக்கும். 1966-ல கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட மாணவர்களும் சென்னைக்கு வெளிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சப்ப, பாத்திக் துணியும் (மெழுகு தடவி சாயம் ஏத்தறது) கைவினைப் பொருளும் செஞ்சு வித்துதான் காசு சேத்தாங்க. பகல்ல பாத்திக், மிச்ச நேரத்துல ஓவியம். சென்னை போனா ஈஞ்சம்பாக்கத்துல எறங்கி அந்தக் கிராமத்த ஒரு தடவ பாத்துட்டு வாங்க, அங்க இருக்கற மியூசியத்துல தாராளமா ரெண்டு மணி நேரம் நிக்கலாம்.

முதல் வாரத்துக்கு மட்டும்

திங்கக்கிழமை தாள் கட்டு தயார் பண்ணுங்க, பேனாவால ஒரு டம்ளரோ சொம்போ மூணு தடவ. செவ்வாய் அதே பொருள், தரையில வெச்சு ரெண்டு, கண்ணுக்கு நேரா வெச்சு ரெண்டு. புதன் தாளப் பாக்காம உங்க கை, அஞ்சு நிமிஷம், அப்புறம் அந்தச் சொம்பு திரும்ப. வியாழன் சேர் காலுக்கு நடுவுல இருக்கற சந்து. வெள்ளி உங்களுக்குப் புடிச்ச ஓவியர் ஒருத்தரோட படம் அரை மணி நேரம், மூடி வெச்சுட்டு வீட்டுல ஒருத்தர் டிவி பாக்கறத அந்தக் கோட்டுல. சனிக்கிழமை பஸ் ஸ்டாப்புல 20 நிமிஷம், ஆளுக்கு 30 செகண்டு. ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு மொட்டமாடிக்கோ ஜன்னலுக்கோ போயி, அங்க இருந்து என்ன தெரியுதோ, தண்ணித் தொட்டியோ, செல்போன் டவரோ, பக்கத்து வீட்டு முருங்கையோ, அதுல ஒண்ண எடுங்க. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதேதான். தாள் மூலைல தேதிய போட்டு, அதுக்குப் பக்கத்துல 1-னு எழுதிக்கோங்க.